பாஸ்வேர்டு கம்பியில் போகாது

அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில் 1983-இல் ‘அதீனா’ திட்டம் தொடங்கியது. மாணவர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருடைய கோப்பும் மின்னஞ்சலும் அங்கே வந்து நிற்க வேண்டும். சிக்கலும் அங்கேதான். பொது அறைக் கணினியை யார் வேண்டுமானாலும் தன் கைக்குள் போட்டுக்கொள்ளலாம். அது ‘நான் இன்னார்’ என்று சொன்னால், கோப்புகளை வைத்திருக்கும் சர்வர் எதை வைத்து நம்பும்? பாஸ்வேர்டை அனுப்பினாலோ நடுவழியில் ஒட்டுக்கேட்பவனுக்கு அது அப்படியே கிடைத்துவிடும்.

இதற்கு விடையாகப் பிறந்தது கெர்பெரோஸ். கிரேக்கக் கதையில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் நாயின் பெயர் அது. ரோஜர் நீதம், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1978-இல் வெளியிட்ட, அடையாளத்தைச் சரிபார்க்கும் முறையே அதன் அடிப்படை.

மாணவி ஒருத்தி தன் பெயரைத் தட்டுகிறாள். பெயர் மட்டும், எல்லோருடைய சாவிகளையும் வைத்திருக்கும் சாவி சர்வருக்குப் போகிறது. பதிலுக்கு ஒரு பொட்டலம் பூட்டி வருகிறது. அவள் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிடும் சாவிதான் அதைத் திறக்கும். பாஸ்வேர்டு அவள் கணினியைத் தாண்டுவதே இல்லை. உள்ளே இருப்பதைச் சாவி சர்வரிடம் காட்டி, கோப்பு சர்வருக்கென்று தனி டிக்கெட் வாங்குகிறாள். அந்த டிக்கெட்டை அவளாலேயே திறக்க முடியாது; அது கோப்பு சர்வரின் சாவியால் பூட்டியது. அதற்குள் அவள் பெயர், கெடு, அவளிடமும் ஒரு பிரதி உள்ள தற்காலிகச் சாவி.

டிக்கெட்டை வேறொருவன் திருடிக் காட்டினால்? அதனால்தான் அந்த நொடியின் நேரத்தையும் தற்காலிகச் சாவியால் பூட்டி உடன் அனுப்பச் சொல்கிறார்கள். சாவி இல்லாதவனால் அது முடியாது. சர்வர் அதைத் திறந்து தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரை பொறுக்கும். பழைய நீதம்-ஷ்ரோடர் முறையில் இந்த நேர முத்திரை இல்லை. அந்த ஓட்டையை 1981-இல் டென்னிங், சாக்கோ என்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். விண்டோஸ் 2000 முதல் அலுவலக நெட்வொர்க்குகளிலும் கெர்பெரோஸ் உண்டு. கணினியின் கடிகாரம் பிசகினால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் வாசல் திறக்காததற்கு இந்த நேர ஒப்பீடே காரணம்.

டிக்கெட்டின் வேலை ‘இவர் யார்’ என்பதைச் சொல்வது. ‘இந்தக் கோப்பை இவர் திறக்கலாமா’ என்பதைக் கோப்பு சர்வர்தான் தன் அனுமதிப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே பெரிய ஆபத்து என்பேன். வேறு பிரிவுக்கு மாறியவரின் பெயரைப் பட்டியலில் அடிக்காமல் விட்டால், அசல் டிக்கெட்டோடு அவர் தினமும் உள்ளே வந்துபோவார், கெர்பெரோஸ் தடுக்காது.