தாழிட்ட அறையும் புள்ளி நாடாவும்

உட்புறம் தாழிட்ட அறையிற் கொலை. கொலைஞன் உட்புகுந்த வழி தெரியவில்லை. இத்தகைய துப்பறியுங் கதைக்கு 1841 இல் எட்கர் அலன் போ வித்திட்டார். 1892 இல் கொனன் டொயில் எழுதிய ‘புள்ளி நாடா’ என்னுங் கதை நாட்டுப்புற மாளிகையொன்றில் நிகழ்வது. மாண்டவள் இறுதியிற் கூறிய சொல், நாடாவையும் கூட்டத்தையும் ஒருங்கே குறிக்கும் ஆங்கிலச் சொல். ஆதலின், அருகிற் கூடாரமிட்டிருந்த நாடோடிகள்மேல் ஐயஞ் சென்றது. அவளைக் கொன்றதோ, மாற்றாந்தந்தையாகிய மருத்துவர் அடுத்த அறையிலிருந்து காற்றுத்துளை வழியே ஏவிய பாம்பு! பாலூட்டிப் பழக்கிய அப்பாம்பு சீழ்க்கை கேட்டுத் திரும்புமாம். நம்மூர் நாகங்களும் இது கேட்டு நகைக்கும்.

எனினும் கதை உணர்த்தும் நெறி மெய்யானது. தாழ் உண்டெனின் வழியில்லை எனத் துணிதல் தவறு. யாழ்ப்பாணத்து மண்சுவர் வீடுகளிற் கன்னமிட்ட கள்வன் கதவை நாடியதில்லை. அறையை ஆராயுமுன் அயலாரை ஐயுறுதல் அறமன்று.