சாயத்தண்ணீரில் விளையும் வெள்ளி

ஜூலையில் கச்சான் காற்று எழுந்தால் பசறை, தெமோதரை, ஹப்புத்தளைத் தோட்டங்களுக்கு நல்ல காலம். செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்றில் வாடும் கொழுந்தில் மீதைல் சலிசிலேற்று கூடும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த மணம் அதுதான். வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மூக்கைத் துளைப்பதும் அதே பொருள்!

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து நொதித்துப் பதமாகிவிட்டதா என்பதை டீமேக்கரின் மூக்கு தீர்மானிக்கிறது. அந்த வேலையைக் கருவியிடம் கொடுத்துப் பார்த்தது கல்கத்தா. ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் உருவாக்கிய இலத்திரனியல் மூக்கு பற்றிய ஆய்வுகள் 2007, 2008இல் வெளிவந்தன. அதில் இருந்தவை, 1962இல் ஜப்பானில் நவோயோஷி தகுச்சி கண்டுபிடித்த வகை வாயு உணரிகள். சமையல் வாயுக் கசிவை அறிவிக்கப் பிறந்தவை.

அந்த உணரிகளின் சூட்சுமம் எளியது. சூடான வெள்ளீய ஒட்சைட்டின் மேல் ஒட்சிசன் ஒட்டிக்கொண்டு இலத்திரன்களைப் பிடித்து வைக்கிறது. வாயு வந்து அந்த ஒட்சிசனோடு வினைபுரிந்தால் இலத்திரன்கள் விடுபடும், மின்தடை இறங்கும். பலேடியம், வெள்ளி போன்ற உலோகத் துணுக்குகளைத் தூவினால் வினை விரைவாகும். துணுக்கு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. ஒரு கிராம் வெள்ளியை 20 நானோமீற்றர் மணிகளாக்கினால் மொத்த மேற்பரப்பு ஏறக்குறைய 28 சதுர மீற்றர். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா இரண்டின் தரையைவிட அதிகம்.

அந்த மணிகளைச் செய்யத் தேயிலையே போதும் என்று 2008இல் காட்டினார்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் மல்லிகார்ஜுன நாடகவுடாவும் ராஜேந்தர் வர்மாவும். வடித்த சாயத்தை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஊற்றினார்கள். அடுப்பு வேண்டாம், அறை வெப்பநிலையே போதும். சாயத்திலுள்ள பொலிபீனோல்கள் இலத்திரன்களைக் கொடுக்க, வெள்ளி அயன்கள் உலோகமாகித் திரள்கின்றன. அதே பொலிபீனோல்கள் ஒவ்வொரு மணியையும் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. கிடைத்தவை 20 முதல் 60 நானோமீற்றர்.

இந்த மணிகளை மையாக்கி உணரிக்கு மின்முனைகள் அச்சிடும்போதுதான் அந்தப் போர்வை தொல்லை தருகிறது. கட்டி வெள்ளி உருக 961 பாகை செல்சியஸ் வேண்டும். நானோ வெள்ளி மையோ 150 பாகையளவிலேயே மணியோடு மணி ஒட்டி மின்கடத்தும் கோடாகிவிடும். பிளாஸ்ரிக் தாளில் உணரியின் மின்முனைகளை அச்சிட முடிவது அதனால்தான். ஆனால் தேயிலைப் போர்வை மின்னை மறிக்கும். கழுவினால் மணிகள் முன்கூட்டியே திரண்டு அச்சு இயந்திரத்தின் துளையை அடைக்கும். சாயம் வடிப்பது சுலபம், மை செய்வது அப்படியல்ல.

பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டப்படிப்பு உண்டு. தோட்டங்களும் கூப்பிடு தூரத்தில். இந்த மையைச் சோதிக்க வேறு இடம் தேட வேண்டியதில்லை. சோதனைக்கூடத்தில் வென்ற உணரி ஸ்டோரில் தோற்கலாம் என்பதும் உண்மை. நொதிக்கும் அறையில் ஈரப்பதன் 95 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். நீராவியும் மின்தடையை மாற்றுவதால், ஈரத்தை மட்டும் அளக்கும் இன்னோர் உணரியை அருகிலேயே பொருத்தி, அதன் பங்கைக் கழித்த பிறகே மணத்தின் கணக்கை எடுக்க வேண்டும்.