பள்ளிக்கு மதிப்பெண் இடுவோர்

மறைபொருளைத் திருக்கோஷ்டியூர்க் கோயிலின் மீதேறி நின்று இராமானுசர் ஊரறியச் சொன்னார் என்பது வைணவ மரபு. அத்தகைய ஊரில் அரசுப்பள்ளியைப் பற்றி மக்கள் அறிய வேண்டியவை எவை? பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடு எளிதில் கண்ணிற்படும். ஆயினும் அஃதொன்றே அளவாகாது. பின்தங்கிய மாணவரைத் தேர்வுக்கு முன்பே விலக்கிவிட்டும் நூறு விழுக்காடு காட்டலாம். எனவே, சேர்ந்தோர் எத்தனை பேர், இடைநின்றோர் எத்தனை பேர் என்பனவற்றையும் உடன்வைத்தே நோக்குதல் வேண்டும். 2021 ஆம் ஆண்டின் தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8, 10 ஆம் வகுப்பு மாணவரின் கற்றல்நிலையை மாவட்ட அளவில் காட்டியது. தனிப்பள்ளியின் குறைநிறையை அதில் காண இயலாது.

அவ்விடத்தை நிரப்ப வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 21 ஆம் பிரிவின்படி, இக்குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினருள் சரிபாதியினர் பெண்கள். அரசு நிதி செலவான வகையைக் கண்காணிப்பதும் பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் இதன் கடமைகள். கையொப்பமிட மட்டும் அழைக்கப்படும் குழு இருந்தும் இல்லாததே. கழிப்பறையில் தண்ணீர் வராதது ஏன் என ஒரு தாய் வினவினால், தலைமையாசிரியர் அக்கூட்டத்திலேயே விடையளித்தல் வேண்டும். அவ்விடை தீர்மானப் பதிவேட்டில் ஏறும். அடுத்த கூட்டம் அங்கிருந்து தொடங்கும்.