விளக்கை அணை, ஆமை வருது!

நண்பர்களே, மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். மின்னணுவியல் மாணவி என்பதால் மின்மாற்றியைப் பற்றி எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். அதைப் பாடப் புத்தகத்தில் படித்தே பாதிப் பேர் தூங்குகிறோம். ஆகவே ஆமையைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற ஜூன் விடுமுறையில் நாங்கள் பத்துப் பேர் மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் உள்ள ரெடாங் தீவுக்கு ஒரு வாரம் போய் வந்தோம். தீவின் வடக்கில் சாகார் ஹூத்தாங் என்று ஒரு சிறிய கடற்கரை. மலேசியா திரங்கானு பல்கலைக்கழகத்தின் கடலாமை ஆய்வுப் பிரிவினர் 1993 முதல் அங்கே தங்கி ஆமைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். எங்களைப் போன்ற தொண்டூழியர்களுக்குக் காவலும் கணக்கெடுப்பும்தான் வேலை.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். அவர் பகாங் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் அதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். "படிக்க அனுப்புனா ஆமைக்குக் காவல் போறியா?" என்றார். பிறகு, "திரங்கானு ஆமை முட்டை நான் நெறைய சாப்பிட்டிருக்கேம்மா. லோரி ஓட்டுன காலத்துல பாசார் பாயாங் சந்தையில பத்துப் பத்தா வாங்குவோம். எவ்வளவு வேக வெச்சாலும் வெள்ளைக்கரு கட்டவே கட்டாது" என்று ரசித்துச் சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்போது அது சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம்தான். கடற்கரைகளை ஏலம் விட்டு, முட்டை பொறுக்க உரிமமே கொடுத்தார்கள். எல்லா வகை ஆமை முட்டைகளையும் விற்கத் திரங்கானுவில் தடை வந்தது 2022 ஜூன் மாதத்தில்தான். மறுநாள் கூடுதல் நேர வேலைக் காசில் பயணச் செலவுக்குப் பணம் எடுத்துக் கொடுத்ததும் அதே அப்பாதான்.

சரி, வேலைக்கு வருவோம். சாகார் ஹூத்தாங்குக்கு அதிகமாக வருவது பேராமை. அழுங்காமையும் கொஞ்சம் வரும். ஓடு சுமார் ஒரு மீட்டர் நீளம். இரவில் கரையேறி, முன் துடுப்பால் மணலை வாரி வீசித் தன் உடம்பு அமரும் அளவுக்குப் பள்ளம் பறிக்கும். அப்புறம் பின் துடுப்புகளை அகப்பை மாதிரி வளைத்து ஆழமாக ஒரு குழி. அந்த நேர்த்தியைச் சும்மா சொல்லக்கூடாது, கண்ணால் பார்க்காமலேயே தோண்டுகிறது! அதில் ஏறக்குறைய நூறு முட்டை. பிங்பாங் பந்து அளவு; ஓடு மட்டும் தோல் மாதிரி மெத்தென்று இருக்கும்.

முட்டை விழத் தொடங்கும் வரை அதற்குப் பயம் அதிகம். சின்ன அசைவு, வெளிச்சம் எது பட்டாலும் திரும்பிவிடும். முட்டையிட ஆரம்பித்துவிட்டால் ஒரு மயக்க நிலைக்குப் போய்விடும். அப்போதுதான் அருகில் போய் ஓட்டை நாடாவால் அளந்து, துடுப்பில் எண் பொறித்த உலோக வில்லை இருக்கிறதா என்று பார்ப்போம். கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து என் தோழி அழுதேவிட்டாள். அது அழுகையல்ல, உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை என்று சொன்ன பிறகும் அழுதாள்.

இரண்டாம் இரவு என்னால் ஒரு தவறு நடந்தது. சிவப்புக் காகிதம் ஒட்டிய விளக்கை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஆமைக் கண்ணுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது. காலில் எறும்பு கடித்த வேகத்தில் நான் கைத்தொலைபேசி விளக்கைப் போட்டுவிட்டேன். பத்தடி தூரத்தில் மேலேறிக்கொண்டிருந்த ஆமை அப்படியே நின்றது. "விளக்கை அணை!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அதற்குள் அது வளைந்து கடலுக்குள் போய்விட்டது. காவலர் பாக் சிக் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

குஞ்சுகளுக்கும் ஒளிதான் வழிகாட்டி. மணலை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல். விடுதியும் சாலை விளக்கும் இருக்கும் கடற்கரையில் அது கடல் அல்ல.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வெப்பம். ஆணா பெண்ணா என்பது முட்டை விழும்போதே முடிவாவதில்லை. மணலின் சூடு முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால் பெண் அதிகம், கீழே என்றால் ஆண் அதிகம். நம் ஆய்வுக்கூடத்துத் தெர்மோஸ்டாட்டுக்கு இதைவிட அகலமான இடைவெளி கொடுப்போம்! அதோடு, முட்டையிட்டுச் சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும். அதனால்தான் சாகார் ஹூத்தாங்கில் கூட்டை இடம் மாற்றாமல், உடும்பு தோண்டாதபடி மேலே வலை போட்டு அப்படியே விடுகிறார்கள்.

இதே மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரைக் கதை வேறு. அங்கே ஏழுவரி ஆமை 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் போல வைத்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் விரல் விட்டு எண்ணும் நிலை. மீன்வலைகளில் சிக்கிச் செத்தது ஒரு காரணம். பல பத்தாண்டுகள் முட்டைகளை அனேகமாக முழுக்கப் பொறுக்கியது இன்னொரு காரணம். ஆமை நீண்ட ஆயுள் கொண்டது. பழைய தாய்கள் வந்துகொண்டே இருந்ததால் புதிதாக ஒன்றும் சேரவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு பொரிப்பகம் வைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். சூடான மணலில் வந்த குஞ்சுகள் கிட்டத்தட்ட எல்லாமே பெண்ணாகிவிட்டன. நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

பொரித்து முடிந்த கூட்டைத் தோண்டிக் கணக்கெடுப்பதுதான் பகல் வேலை. நாற்றம் பற்றி எழுத மாட்டேன். வெற்று ஓடுகளையும் பொரிக்காதவற்றையும் தனித்தனியாக எண்ண வேண்டும். நான் எண்ணிய கூட்டின் அடியில் இரண்டு குஞ்சுகள் உயிரோடு சிக்கியிருந்தன. அன்றிரவு அவற்றை மணலில் விட்டோம். கையில் தூக்கிப் போய்க் கடலில் போடுவதில்லை. தானே நடந்துதான் போக வேண்டும். ஒன்று நேராகப் போய்விட்டது. மற்றது என் செருப்பைச் சுற்றி வந்து கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது.

வீடு திரும்பிய இரவு அப்பாவிடம் எல்லாம் சொன்னேன், அந்த விளக்கு விஷயத்தையும். ரொம்ப நேரம் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். பிறகு, "அந்த ஆமை திரும்பி வந்துச்சா?" என்று கேட்டார்.

விரட்டப்பட்டது பெரும்பாலும் அன்றோ அடுத்த இரவோ மறுபடி ஏறும். மூன்றாம் இரவு ஒன்று ஏறி முட்டையிட்டது. அதுதானா என்று எப்படிச் சொல்ல? முந்திய இரவு அதன் எண்ணைப் படிக்க நான்தான் விடவில்லையே. அப்பாவிடம் அதையே சொன்னேன். "சரி" என்றார்.

அடுத்த ஜூனில் போக நினைப்பவர்கள் என்னிடம் கேளுங்கள். எறும்புக்கடி மருந்தும் முழுக்கால் சட்டையும் அவசியம். கைத்தொலைபேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.