அணுக்கருவின் கதை – 17: தங்கவயலில் புரோட்டான் செத்ததா?

போன இதழில் புரோட்டான் உமிழ்வைத் தொட்டிருந்தேன். பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எண்பதுகளில் எங்கள் கோலார் தங்கவயலில் புரோட்டான் சிதைந்ததாகச் சொன்னார்களே, அதுவும் இதுவும் ஒன்றா சார்?”

இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

உமிழ்வில் புரோட்டானுக்கு ஒன்றும் ஆவதில்லை. கருவை விட்டு வெளியே வருகிறது, அவ்வளவுதான். சாதாரண லுட்டீஷியக் கருவில் 71 புரோட்டான், 104 நியூட்ரான். 1981-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஹோஃப்மன் குழு, நிக்கலை ருத்தீனியத்தின் மேல் மோதவிட்டு, 80 நியூட்ரான் மட்டுமே கொண்ட லுட்டீஷியத்தை உண்டாக்கியது. கடைசிப் புரோட்டானைப் பிடித்து வைக்க அந்தக் கருவுக்குத் தெம்பில்லை. ஆனால் மின்விசைத் தடை ஒன்று குறுக்கே நிற்பதால் சட்டென்று ஓடவும் முடியாது. குவாண்டம் விதிப்படி தடைக்குள் ஊடுருவித்தான் வெளியேறும். அரை ஆயுள் சுமார் 80 மில்லிவிநாடி.

தங்கவயலில் தேடியது புரோட்டானின் சாவையே. ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் 1973-லும், ஜார்ஜையும் கிளாஷோவும் 1974-லும், புரோட்டான் நிரந்தரமல்ல என்றார்கள். எதிர்பார்த்த ஆயுள், 1-க்குப் பின் 30 பூஜ்யம் போட்ட ஆண்டுகள் என்கிற அளவில். அத்தனை காலம் யார் காத்திருப்பது? அத்தனை புரோட்டான்களைக் கூட்டி வைத்துக்கொண்டால் சில ஆண்டுகள் போதும்.

டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா சிட்டி பல்கலைக்கழகமும் அதைத்தான் செய்தன. 1980-ல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் கருவி. இரும்புக் குழாய்கள் 34 அடுக்கு. சாவது இரும்பிலுள்ள புரோட்டான், சாட்சி சொல்வது குழாய்க்குள் இருக்கும் வாயு. இதற்கென்றே கட்டிய உலகின் முதல் கருவி இது. அவ்வளவு ஆழம் எதற்கு? வானிலிருந்து பொழியும் மியூவான் துகள்கள் கணக்கைக் குழப்பாமல் இருக்கத்தான். தரையில் நம் உள்ளங்கையிலேயே விநாடிக்கு ஒரு மியூவானாவது விழும். அங்கேயோ அவ்வளவு பெரிய கருவிக்கும் நாளுக்கு ஒன்றிரண்டுதான்.

எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம் குழு சீக்கிரமே சில தடயங்களை வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஓஹையோவிலும் ஜப்பானின் காமியோகாவிலும் வைத்த பல மடங்கு பெரிய தண்ணீர்த் தொட்டிகளில் ஒரு சாவும் தெரியவில்லை. பாறையைத் துளைத்து வரும் நியூட்ரினோ என்னும் துகளும் புரோட்டானின் சாவு மாதிரியே தடம் போடும்; தங்கவயலில் கண்டது அதுவாகவும் இருக்கலாம். இதில் வேடிக்கை, வளிமண்டல நியூட்ரினோவை 1965-ல் உலகில் முதலில் கண்ட இடங்களில் ஒன்று இதே தங்கவயல்! இன்று காமியோகாவின் சூப்பர்-காமியோகாண்டே கருவி புரோட்டானின் ஆயுளுக்குச் சொல்லும் கீழ்வரம்பு, முக்கியமான சிதைவு வழிக்கு, 34 பூஜ்யங்களைத் தாண்டிவிட்டது. ஆகவே என் தீர்ப்பு: தங்கவயலின் தடயம் நிற்கவில்லை. ஆனால் சோதனை துணிச்சலானது, கணக்கும் நேர்மையானது.

சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்த ஆய்வுக்கூடத்தைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள்.