உத்ரெக்ட் நகரிலிருந்து ஒருநாட் பிரயாணங்கள்

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், புங்குடுதீவு மிடில்பர்க் எனவும் அவர்தம் படங்களிற் குறிக்கப்பட்டன. இவற்றுள் டெல்ஃப்ட் என்னும் பெயரே இன்றும் பெருவழக்கில் நிலைத்துள்ளது. தீவுகளை நன்கறிந்த மக்கள், அப்பெயர்களுக்கு மூலமான நகரங்களை அறிதல் அரிதாகவே இருந்து வந்துள்ளது. மேற்படிப்பின் பொருட்டும் உறவினரைக் காணும் பொருட்டும் ஐரோப்பா செல்லும் ஈழத்தவர் பலராகிவிட்ட இக்காலத்தில், அந்நகரங்களைச் சிறு பொருட்செலவிற் காணும் வழி யாது என்பது ஆராயத்தக்கது. நாள்தோறும் ஊர் மாறித் தங்காது, உத்ரெக்ட் என்னும் ஒரு நகரில் தங்கி, காலையிற் சென்று மாலையில் மீளுதலே அவ்வழியாகும்.

இவ்வழி பயன்றருதற்குக் காரணம் அந்நாட்டின் நிலவமைப்பே. நெதர்லாந்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 41,500 சதுர கிலோமீற்றர். அஃதாவது இலங்கையின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சிறிது குறைவு. அதன் பெருநகரங்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம், ஹார்லெம், லெய்டன், ஹேக், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், உத்ரெக்ட் ஆகியவை, மேய்ச்சல் நிலங்களும் நீர்நிலைகளும் நிறைந்த ஒரு வெளியைச் சூழ, குதிரை இலாடம் போல் அமைந்துள்ளன. நடுவிலுள்ள அவ்வெளியை அந்நாட்டார் ‘பசுமை நெஞ்சம்’ என்பர். இவ்வளையத்தின் கிழக்கு ஓரத்தில், நாட்டின் ஏறக்குறைய நடுவிடத்தில், உத்ரெக்ட் அமைந்துள்ளது.

நிலவமைப்புத் தந்த வாய்ப்பை இருப்புப்பாதை நிறைவு செய்தது. நெதர்லாந்தின் முதலாவது புகையிரதம் 1839இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே ஓடியது. 1843இல் உத்ரெக்ட் ஆம்ஸ்டர்டாமுடன் இணைக்கப்பட்டது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நாற்றிசைப் பாதைகளும் பின்னர் இங்கே வந்து கூடின. ஈழத்து வழக்கிற் புகையிரதம் என்னும் பெயரே தங்கிவிட்டதாயினும், அங்கே பெரும்பாலான வண்டிகள் மின்விசையால் ஓடுவன. உத்ரெக்டிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு அரை மணிக்கும் குறைவு; பகற்பொழுதிற் பத்து நிமிடத்துக்கொரு விரைவு வண்டி உண்டு. கௌடாவுக்கு இருபது நிமிடமளவு. ரொட்டர்டாமுக்கும் ஹேக்குக்கும் நாற்பது நிமிடமளவு. லெய்டனுக்கு முக்கால் மணியளவு. ஹார்லெமும் டெல்ஃப்டும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் அடங்கும்.

இனிச் செலவு பற்றி நோக்குவோம். உத்ரெக்டில் தங்குமிடம் எப்பொழுதும் மலிவென்று எண்ணுதல் தவறு. புகையிரத நிலையத்தை அடுத்துப் பெரிய வணிகக் கண்காட்சி மண்டபம் ஒன்றுண்டு. கண்காட்சி நடைபெறும் நாட்களில் அறைகள் கிடைத்தல் அரிது. ஆயினும் ஆம்ஸ்டர்டாமில் உல்லாசப் பிரயாணிகளின் நெருக்கம் மிகுதி. 2024 முதல் அறைக் கட்டணத்தில் நூற்றுக்கு 12.5 வீதம் பிரயாணிகள் வரியாகவும் அங்கு அறவிடப்படுகிறது. இரு நகர்களின் அறைக் கட்டணங்களையும் வரியுடன் சேர்த்து ஒப்பிட்டு, அவ்வேறுபாட்டுடன் போக்குவரத்துச் செலவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தலே அறிவுடைமை. ஒரே நகரைக் காண விழைவோர்க்கு அந்நகரிலேயே தங்குதல் சிக்கனம். ஐந்தாறு நகரங்களைக் காண விழைவோர்க்கே நடுவிடத்திற் றங்குதல் சிக்கனமாகும்.

புகையிரதக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. போகவும் மீளவும் ஒருங்கே சீட்டுப் பெறினும் தனிக் கழிவில்லை. எனவே ஒரு வழியாகச் சென்று மற்றொரு வழியாகத் திரும்புவதால் வரும் இழப்புச் சிறிதே. வங்கி அட்டையையே நிலைய வாயிலிலுள்ள கருவியிற் றொட்டு உட்புகலாம். வெளியேறும்போதும் தொடுதல் மறவாதிருக்க வேண்டும். மறப்பின், சென்ற தூரத்துக்குரிய தொகையினும் மிகுந்த தொகை அறவிடப்படலாம். வார நாட்களிற் காலை 6.30 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 6.30 வரையும் நெருக்கடி நேரமாகும். சலுகைகளிற் பல அந்நேரத்துக்குப் புறம்பான பிரயாணங்களுக்கே உரியன. அந்நாட்டிற் றங்கிப் படிக்கும் மாணவர் மாதச் சந்தா செலுத்திக் கழிவு பெறலாம். சின்னாட் டங்குவோர் சிலராகச் சேர்ந்து குழுச்சீட்டுப் பெறுதல் நலம். காலை ஒன்பது மணிக்குப் பின் புறப்பட்டு, இராவுணவு வேளையில் மீளுதல் பணத்துக்கும் உடலுக்கும் நன்று.

முதல் நாளை உத்ரெக்டுக்கே உரியதாக்கல் வேண்டும். உரோமர் கோட்டை இருந்த இடத்தில் எழுந்த இந்நகரில், 1382இல் நிறைவுற்ற 112 மீற்றர் உயரமான தேவாலயக் கோபுரம் நிற்கிறது. 1674இல் வீசிய பெரும்புயலில் தேவாலயத்தின் நடுமண்டபம் வீழ்ந்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. ஆதலாற் கோபுரம் ஒருபாலும் ஆலயத்தின் எஞ்சிய பகுதி மறுபாலுமாக, இடையே வெளியான முற்றத்துடன் இன்றும் காணப்படுகின்றன. பழைய கால்வாயின் நீர்மட்டத்திலே, படகுச் சரக்குகளை வைத்தற்கெனக் கட்டிய நிலவறைகள் இந்நகரின் சிறப்பு. ஒல்லாந்தக் குடியரசின் உதயத்துக்கு வித்திட்ட உத்ரெக்ட் ஒன்றியம் 1579இல் இங்கேயே உடன்படிக்கையாயிற்று. இவற்றைக் காணச் சிறிதும் செலவில்லை, கால்நடையே போதும்.

இரண்டாம் நாள் மேற்றிசை செல்லலாம். கௌடாவில் இறங்கிப் புனித யோவான் ஆலயத்தின் பதினாறாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் கண்டு, ரொட்டர்டாம் சேரலாம். 1940 மே 14இல் செர்மானியரின் குண்டுவீச்சால் அந்நகரின் நடுப்பகுதி அழிந்தமையின், அங்கே காண்பன பெரும்பாலும் புதுக் கட்டடங்களே. அங்கிருந்து பன்னிரண்டு நிமிடமளவிலுள்ள டெல்ஃப்ட், அதற்கு நேர்மாறாகப் பழமை குன்றாதது. யாழ்ப்பாணத்திற் சமயப்பணி புரிந்து, இலங்கையைப் பற்றிய பெருநூலை 1672இல் வெளியிட்ட பிலிப்பு பல்தேயு பிறந்த ஊர் இதுவே. மாலையில் ஹேக் வழியாக உத்ரெக்ட் மீளலாம்.

மூன்றாம் நாள் லெய்டனும் ஹேக்கும். லெய்டன் பல்கலைக்கழகம் 1575இல் நிறுவப்பெற்றது. அதன் தாவரத் தோட்டம் 1590இல் தொடங்கியது. இலங்கையில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராயிருந்து மூலிகைகளைச் சேகரித்த போல் ஹேர்மன், பின்னர் இங்கே தாவரவியற் பேராசிரியரானார். அவர் சேகரித்தவற்றை ஆதாரமாகக் கொண்டே லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை இயற்றினார். ஹேக்கில், மத்திய புகையிரத நிலையத்தை அடுத்துத் தேசிய சுவடிக்கூடம் உள்ளது. ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்கள் ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமான அடுக்குகளில் அங்கே காக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்து ஆளுகை பற்றிய கடிதங்களும் அறிக்கைகளும் அவற்றுள் அடங்குவன. வாசிப்பதற்குக் கட்டணமில்லை. வரலாறு கற்கும் மாணவனுக்கு இவ்வொரு நாள் போதாது. பல நாட் சென்று மீளவும் உத்ரெக்ட் வசதியானதே.

நான்காம் நாள் ஆம்ஸ்டர்டாமும் ஹார்லெமும். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வளையத்தைக் கால்நடையாகவே காணலாம். மத்திய நிலையத்தின் பின்புறத்திலிருந்து அக்கரை செல்லும் ஓடங்களுக்குக் கட்டணமில்லை. அரச நூதனசாலைக்குக் கட்டணம் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு இல்லை. கண்டி அரண்மனையிலிருந்து 1765இல் எடுத்துச் செல்லப்பட்ட பீரங்கி நெடுங்காலம் அங்கிருந்து, 2023இல் இலங்கைக்குத் திரும்பியது. ஹார்லெமின் பேராலயத்தில், சிறுவனாயிருந்த மோட்சார்ட் 1766இல் வாசித்த பெரும் இசைக்கருவி இன்றும் ஒலிக்கிறது.

உணவுச் செலவே பலருக்கும் கணக்குத் தவறும் இடம். அங்காடியில் வாங்கிய பாணும் பாற்கட்டியும் பழமும் பகலுக்குப் போதும். குழாய் நீர் தூயது. போத்தலை நிரப்பிச் செல்லலாம். தினமும் பொதி சுமந்து அறை தேடாமையால், எஞ்சிய நேரம் காட்சிக்கும் கல்விக்கும் பயன்படும்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. ஒரு மணி நேரத்துக்கு அப்பாற்பட்ட ஊர்களுக்கு நாள்தோறும் சென்று மீளின், கட்டணமும் களைப்பும் மிச்சப்பட்டதை விழுங்கிவிடும். புங்குடுதீவுக்குப் பெயரளித்த மிடில்பர்க், நாட்டின் தென்மேற்கு மூலையில் இரண்டு மணிக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது. அதனைக் காண விழைவோர் அங்கே ஓரிரவு தங்குதலே தகும். எஞ்சிய ஐந்து தீவுகளின் பெயர்களுக்கும் உரிய நகரங்களை உத்ரெக்டிலிருந்து மூன்று நாட்களிற் காணலாம். கடல் கடந்து வந்தவர் தம் ஊர்ப்பெயர்களை இங்கே விட்டுச் சென்றனர். இங்குள்ளோர் பற்றி எழுதியவற்றைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றனர். அவ்வேடுகளைத் தேடிச் செல்லும் மாணவனுக்குப் பொருட்குறை தடையாகாதிருக்க வேண்டுமாயின், தங்குமிடத்தை முதலில் ஆராய்ந்து தெரிதல் இன்றியமையாதது.