தானே திரும்பும் ஸ்டீயரிங்

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது. 1999-ஆம் ஆண்டு. மூன்று டிவி, மூன்று பிளேஸ்டேஷன், மணிக்கணக்கில் வாடகை. சொந்த மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிற பையனுக்கு அங்கே தனி மரியாதை. என்னிடம் மெமரி கார்டு கிடையாது. அதனால் எதையும் சேமித்து வைக்கத் தேவையில்லாத ‘ரிட்ஜ் ரேஸர்’தான் எனக்கு வாய்த்தது.

நாம்கோ நிறுவனம் 1993-ல் ஆர்கேட் எந்திரமாகக் கொண்டுவந்த விளையாட்டு அது. 1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்த அன்றே அதற்கும் வந்தது. வளைவு நெருங்கும்போது ஆக்சிலரேட்டர் பொத்தானை ஒரு கணம் விட வேண்டும். திசைப் பொத்தானை அழுத்த வேண்டும். மறுபடி ஆக்சிலரேட்டர். அவ்வளவுதான், கார் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு தண்டவாளத்தில் போவது போல வளைவைச் சுற்றும், வெளியே வரும்போது தானாக நேராகிவிடும். டிரிஃப்ட் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது பிரமாதமாக வந்தது.

ஒரு நாள் கடைக்கார அண்ணன் வேறு டிஸ்க்கைப் போட்டார். “இது அந்த மாதிரி இல்லடா, பாத்து ஓட்டு” என்றார். ‘கிரான் டுரிஸ்மோ.’ முதல் வளைவில் என் பழக்கத்தைக் காட்டினேன். முன் சக்கரங்கள் திரும்பியிருந்தன, கார் திரும்பவில்லை. டயர் நீளமாகக் கத்தியது. நேராகப் போய்ச் சுவரில் முட்டினேன். அடுத்த வளைவிலும் அப்படியே. மூன்றாவதில் பயந்து, திருப்பியபடியே பிரேக்கை அழுத்தினேன். இப்போது பின்பக்கம் வீசிக்கொண்டு போய், கார் வந்த திசையைப் பார்த்து நின்றது.

அந்த விளையாட்டை உருவாக்கிய கஸுனோரி யமவுச்சி, அதற்கு முன் ‘மோட்டார் டூன் கிராண்ட் பிரி’ என்ற கார்ட்டூன் கார்ப் பந்தயத்தைச் செய்தவர். ‘கிரான் டுரிஸ்மோ’வுக்கு ஏறக்குறைய ஐந்தாண்டு உழைப்பு. 1997 டிசம்பர் 23-ல் ஜப்பானில் வெளியானது, ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பந்தயத்தில் கலந்துகொள்ளவே லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று அது கேட்டது. முதல் பரீட்சை, நேர்ச்சாலையில் ஓட்டிப்போய்க் குறித்த கட்டத்துக்குள் காரை நிறுத்துவது. பிரேக் பிடிப்பதற்கு ஒரு பரீட்சையா என்று கடையில் எல்லோரும் சிரித்தோம். அந்த வாரம் முழுக்க அதில் தங்கம் வாங்க முடியாமல் தவித்தோம்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன என்பதைப் பிற்பாடு படித்தபோதுதான் எனக்கு வியப்பு அதிகமானது. முதன்மை நினைவகம் 2 மெகாபைட். மையச் செயலியின் வேகம் ஏறத்தாழ 34 மெகாஹெர்ட்ஸ். தசம எண்களை நேரடியாகக் கணக்கிடும் பகுதியே அந்தச் செயலியில் கிடையாது. எடை முன்னும் பின்னும் மாறுவதையும், நான்கு டயர்களின் பிடிப்பையும் முழு எண்களாக மாற்றித்தான் கணக்கிட்டாக வேண்டும். அவ்வளவு குறுகிய இடத்தில், பிரேக் அடித்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், அப்போது திருப்பினால் வால் வீசும் என்கிற உண்மையை அவர்கள் உட்கார வைத்திருந்தார்கள். கார் ஓட்டத் தெரியாத நான் அதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் மழைநாளில் வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொள்கிறேன் என்றால் அது அந்த மாடிப்படிக்குக் கீழே வந்த பழக்கம்.

குறைகளும் இருந்தன. சுவரில் எவ்வளவு மோதினாலும் காருக்கு ஒன்றும் ஆகாது. சுவரை உரசிக்கொண்டே வளைவைக் கடந்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம், நாங்கள் கூசாமல் அதைச் செய்தோம். ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது டிரிஃப்ட்தான். ஹேண்ட்பிரேக் பொத்தானைத் தட்டினால் வால் வெளியே வந்துவிடும், வந்ததை அங்கேயே பிடித்து வைப்பதுதான் எனக்கு முடியாத காரியம். எதிர்ப்பக்கம் ஒடித்தால் ஒன்று கார் சட்டென்று நேராகும், இல்லாவிட்டால் மறுபக்கம் சுழன்றுவிடும். பிடிப்புக்கும் சுழற்சிக்கும் நடுவில் நிற்க இடமே இல்லாத மாதிரி இருந்தது.

அந்த இடம் நிஜ டயரில் உண்டு. வளைவில் போகும் டயர், தான் நோக்கும் திசையிலிருந்து சற்று விலகித்தான் உருளும். விலகல் கூடக் கூடப் பக்கவாட்டுப் பிடிப்பும் கூடும். சாதாரணச் சாலை டயரில் சில டிகிரிகள் தாண்டியதும் பிடிப்பு உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். அந்த இறக்கம் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாமே. மெல்ல இறங்கினால் ஓட்டுநருக்கு அங்கே வேலை செய்ய நேரம் கிடைக்கும், வழுக்கிக்கொண்டே போகலாம். விளையாட்டை எழுதுகிறவர் அதைச் செங்குத்தாக இறக்கிவிட்டால் கார் பனிக்கட்டியில் ஓடுவதாகிவிடும். இறங்கவே விடாவிட்டால் ‘ரிட்ஜ் ரேஸர்’ தண்டவாளம்தான். ஓட்டக் கடினமாக இருந்தால் அது நிஜத்துக்கு நெருக்கம் என்று பலர் சொல்வார்கள், நானும் வெகுகாலம் சொன்னேன். அது தவறு. நிஜக் கார் கைவிடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் கைவிடும். சொல்லாமல் கவிழ்க்கிற கார், எழுதினவர் பிசகிய கார்.

டிரிஃப்ட் பிறந்த ஜப்பானில் அந்த நடு இடத்திலேயே குடியிருந்தவர்கள் இருந்தார்கள். மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயத்தில் 1961-ல் வென்ற முதல் ஜப்பானியரான குனிமிட்சு டகஹாஷி, பிற்பாடு கார்ப் பந்தயத்துக்கு வந்து, எழுபதுகளில் வளைவின் உச்சிக்கு முன்பே காரை வழுக்கவிட்டு வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டு வெளியேறினார். அதைப் பார்த்து மயங்கிய கெய்ச்சி சுச்சியா, மலைப்பாதைகளின் கொண்டை ஊசி வளைவுகளில் பயின்றார். அவர் ஓட்டியதைக் காட்டும் ‘பிளஸ்பி’ என்ற வீடியோ 1987-ல் வந்தது. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கார் டொயோட்டா ஏஇ86. 1,600 சிசி எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின் சக்கர ஓட்டம். ‘இனிஷியல் டி’ படக்கதையில் தோஃபு கொண்டுபோய்க் கொடுக்கிற காரும் அதுதான். சக்தி குறைந்த கார் என்பதால் எடையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் அதை வழுக்க வைக்க வேண்டும். டிரிஃப்டை அதில் கற்பது, சுருதிப்பெட்டி இல்லாமல் பாடக் கற்பது மாதிரி.

விளையாட்டில் அந்த நடு இடம் எனக்குத் திறந்தது திரையில் அல்ல, கையில். 2001-ல் ‘கிரான் டுரிஸ்மோ 3’ பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தபோது, அதற்கென்றே லாஜிடெக் ஒரு ஸ்டீயரிங் செய்தது, உள்ளே மோட்டார் வைத்து. சில ஆண்டுகள் கழித்து, நான்காம் பாகத்தின் காலத்தில், 900 டிகிரி சுற்றும் ஸ்டீயரிங் வந்தது. நிஜக் காரைப் போல இரண்டரைச் சுற்று. ஒரு நண்பர் வீட்டில் அதன் முன்னால் உட்கார்ந்த நாள் எனக்கு மறக்காது.

காரின் முன் சக்கரங்கள் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்த அச்சில் திரும்புகிறவை. தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் வண்டி போகிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும் அல்லவா, கார்ச் சக்கரத்துக்கும் அந்தக் குணம் உண்டு. வால் வெளியே வீசும்போது, காரின் மூக்கு எங்கே நோக்கினாலும், முன் சக்கரங்கள் கார் உண்மையில் போகிற திசைக்குத் திரும்பப் பார்க்கும். எதிர்ப்பக்கம் ஒடிக்கும் வேலையில் பாதியைக் காரே செய்துவிடும். அதனால்தான் தேர்ந்த டிரிஃப்ட் ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து நழுவ விடுகிறார்கள். அது தானே சுற்றும், சரியான இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்வார்கள். பொத்தான் வைத்து விளையாடிய எங்களுக்கு இந்தப் பாதி கிடைக்கவே இல்லை. எவ்வளவு ஒடிப்பது என்று கண்ணால் பார்த்து ஊகித்தோம். கண்ணுக்குச் செய்தி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

நான்காம் பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 700-க்கும் மேற்பட்ட கார்கள், நியூர்பர்க்ரிங் மலைச்சுற்று என்று செல்வம் கொழித்த விளையாட்டு. ஆனால் அதன் கார்கள் திரும்ப மறுத்தன, வாலை வெளியே கொண்டுவருவதே பாடாக இருந்தது. 2006 இறுதியில் பிளேஸ்டேஷன் 3-க்கு இலவசமாக வந்த ‘ஜிடி ஹெச்டி கான்செப்ட்’ ஒரே ஒரு தடத்தைத்தான் தந்தது, சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையடியில். அதில் டிரிஃப்டுக்கென்றே புள்ளி போடும் பகுதி இருந்தது. 2010-ல் ஐந்தாம் பாகம் வந்த பிறகு, டிரிஃப்ட் பிரியர்கள் வேண்டுமென்றே பிடிப்புக் குறைந்த ‘கம்ஃபர்ட் ஹார்ட்’ டயரை மாட்டிக்கொண்டு, நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், ஒருவர் பின் ஒருவராக வழுக்கிக்கொண்டு போனார்கள். வேகமான டயரை வாங்கக் காசு சேர்த்த எங்கள் தலைமுறைக்கு இது புதிது.

இந்தக் கணக்கெல்லாம் நிஜத்தில் செல்லுமா என்ற கேள்விக்கும் அதற்குள் பதில் வந்திருந்தது. விளையாட்டில் ஓட்டிப் பழகியவர்களிலிருந்து பந்தய ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும் ‘ஜிடி அகாடமி’ 2008-ல் தொடங்கியது. அதன் முதல் வெற்றியாளர் ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனெஸ், 2011 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். யமவுச்சியும் தாமே நியூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டியிருக்கிறார். இந்தத் தொடரின் கார்கள் வரவர நேர்மையாகிக்கொண்டு வந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

2022 மார்ச்சில் வந்த ‘கிரான் டுரிஸ்மோ 7’ எனக்கு ஒரு நல்ல வாய்ப்பைத் தந்தது. முதல் பாகத்தில் இருந்த ‘டிரையல் மவுண்டன்’ தடம் சில மாற்றங்களோடு அதில் இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே, குகைப்பாதை வழியாகப் போகும் அதே தடம். மாடிப்படிக் கடையில் நான் முட்டிய சுவர்கள். ஏஇ86-ஐ எடுத்துக்கொண்டு, அன்று முடியாததை அங்கேயே போய்ச் செய்து பார்த்தேன். முன்பெல்லாம் டயரின் சத்தம் ஒன்றுதான் துப்பு. இப்போது ஸ்டீயரிங் இல்லாமல் கைக்கருவியில் ஓட்டினாலும் விரலுக்குச் செய்தி வருகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிளேஸ்டேஷன் 5-ன் இடது விசை விரலின் கீழ் எதிர்த்துத் துடிக்கிறது. எதிர்த்திருப்பத்துக்குக் கைகொடுக்கும் உதவியை எவ்வளவு வைத்துக்கொள்வது, அடியோடு நிறுத்துவதா என்று நாமே தீர்மானிக்கலாம்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2024 ஜூலையில் சஸ்பென்ஷன் கணக்கை மாற்றி ஒரு புதுப்பிப்பு வந்தபோது, சில கார்கள் பந்து போலத் துள்ளி வானத்தில் பறந்தன. சில நாட்களில் சரிசெய்தார்கள். ஆனால் நுட்பம் கூடக் கூட ஒரு சிறு எண் பிசகினாலும் கார் எங்கே போகும் என்பதை அது காட்டியது. நிஜ ஓட்டுநர் வழுக்கலை முதலில் உணர்வது இடுப்பில், இருக்கையின் வழியாக. அது இன்னும் என் வீட்டுக்கு வரவில்லை. பார்வைச் சிக்கல் மட்டும் பெருமளவு தீர்ந்திருக்கிறது. டிரிஃப்டில் காரின் மூக்கு உள்பக்கச் சுவரைப் பார்த்திருக்கும், கார் போவதோ வேறு திசையில். ஓட்டுநர் பார்க்க வேண்டியது பக்கவாட்டு ஜன்னல் வழியாக. டிவியில் காரின் உள்ளிருந்து பார்த்தால் மூக்குக்கு நேரே சுவர்தான் தெரியும். 2023-ல் வந்த விஆர் கருவியை மாட்டிக்கொண்டு முதல்முறை தலையைத் திருப்பி, கார் எங்கே போகிறது என்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் தவறான பக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

சென்ற மாதம் அக்கா மகன் வந்திருந்தான். பதினான்கு வயது. நான் ஸ்டீயரிங்கில் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பதறிப்போனான்.

“மாமா, கைய விட்டுட்டீங்க!”

“விட்டாத்தான்டா அது திரும்பும்.”

அவனை உட்கார வைத்தேன். இறுகப் பிடித்துக்கொண்டான். நானும் அப்படித்தான் பிடித்திருப்பேன். சுழன்றது. மறுபடி சுழன்றது. “எப்ப விடணும்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். “பின்னாடி லேசாகும் பாரு, அப்ப” என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏழாவதோ எட்டாவதோ தடவை, வால் வெளியே வந்ததும் அவன் விரல்கள் திறந்தன. ஸ்டீயரிங் அவன் உள்ளங்கைகளுக்கு நடுவே விருட்டென்று சுற்றியது. அவன் பிடித்தான். கார் குறுக்காக, புகையைக் கிளப்பிக்கொண்டு, அந்த வளைவு முழுவதும் அப்படியே போனது. அவன் மூச்சு விடவில்லை. நானும்தான்.